இல்லச் சுவரில் ஒரு போர்க்களம்

இல்லத்துச் சுவரில் நாம் மாட்டும் படம் அழகுக்காக மட்டுமன்று. நாள்தோறும் பிள்ளைகளின் கண்ணில் படும் பாடமும் அதுவே. ஐரோப்பிய வரலாற்று ஓவியங்களின் அச்சுப்படிகளை வாங்கி வரவேற்பறையில் மாட்டும் விருப்பம் நம்மவரிடையே காணப்படுகிறது. அவற்றை எவ்வாறு தேர்வது?

17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் செழித்தது பரோக் பாணி. ஆழ்ந்த இருளைக் கிழிக்கும் ஒளியும், அதில் துடித்தெழும் மாந்தருமே அதன் உயிர். ரெம்பிராண்ட் 1642இல் வரைந்த 'இரவுக் காவல்' இதற்குச் சிறந்த சான்று. 1715இல் ஆம்ஸ்டர்டாம் நகர மன்றச் சுவரில் அது அடங்காமற்போகவே, நான்கு ஓரங்களையும் நறுக்கிவிட்டனர்! எனவே சுவரை அளந்த பின்னரே படத்தைத் தேடுதல் வேண்டும். இராயபுரத்தின் ஒடுங்கிய வீடுகளில், போதிய விளக்கொளி இல்லையேல் இருண்ட ஓவியம் கரும்பலகையாகவே தோன்றும். கடற்காற்றின் ஈரம் தாக்காதிருக்கக் கண்ணாடிச் சட்டமும், சட்டத்திற்கும் சுவருக்கும் இடையே சிறு இடைவெளியும் தேவை.

அளவினும் பெரிது பொருள். திப்பு சுல்தான் 1784இல் சீரங்கப்பட்டணத்தில் எழுப்பிய தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியத்தை எண்ணிப் பார்ப்போம். பொள்ளிலூர் என ஆங்கிலேயர் எழுதிய, காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று ஐதர் அலியும் திப்புவும் பெற்ற வெற்றியை அது காட்டுகிறது. வெடித்துச் சிதறும் மருந்து வண்டி, படைநடுவே பல்லக்கில் கர்னல் பெய்லி எனக் காட்சி விரிகிறது. பரோக் பாணியின் நிழல் விளையாட்டு இதில் இல்லை. ஆயினும் விறுவிறுப்பில் குறைவில்லை.

இப்போர் நமக்கு அயலானதுமன்று. கும்மிடிப்பூண்டி வழியே வந்த பெய்லியின் படையைக் கொசஸ்தலையாற்று வெள்ளம் பல நாள் தடுத்து நிறுத்தியது. அத்தாமதம் அவர் தோல்விக்கு ஒரு காரணமாயிற்று. எண்ணூரில் கடலோடு கலக்கும் ஆறன்றோ அது! பெய்லியின் படையினருள் பெரும்பாலோர் இந்நாட்டுச் சிப்பாய்களே என்பதையும் மறத்தலாகாது. வெற்றியை மட்டும் சொல்லி, வீழ்ந்தவரைச் சொல்லாது விடின் அது பாதி வரலாறே.

தொழும் இடத்தில் உருவப்படம் தவிர்ப்பது நம் இல்லங்களின் மரபு. பிற அறைகளிலும் அதனை விரும்பாத பெரியோர் உளர். அவர்தம் கருத்தைக் கேட்டே முடிவு செய்தல் நன்று. "இப்படத்தில் இருப்பவர் யார்? இவர்கள் ஏன் போரிட்டனர்?" என்று பிள்ளை கேட்கும்போது, இரு தரப்பாரையும் குறித்து உண்மை உரைக்க நம்மால் இயலுமா? இயலுமெனில் அப்படத்தையே தேர்வோமாக.