எலி போட்ட ஓட்டை

சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. இது எப்படி வந்தது என்று புதிதாக வந்த இளம் சிப்பாய் கேட்கிறான். பீரங்கிக் குண்டு என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் தொங்கு மீசைக் கிழவர் முகம் மாறாமல், எலி செய்த வேலை என்கிறார். அந்தக் கிழவர்தான் ஓல்ட் பில் என்ற கேலிச்சித்திரப் பாத்திரம். முதல் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனைச் சிரிக்க வைத்தவர்.

அவரைப் படைத்த புரூஸ் பேர்ன்ஸ்ஃபாதர் 1887இல் பிறந்தது, இன்று பாகிஸ்தானில் இருக்கும் மரீ மலையூரில். 1914 குளிர்காலத்தில் இயந்திரத் துப்பாக்கிப் பிரிவின் அதிகாரியாகப் பெல்ஜியத்தின் பதுங்குகுழிகளில் சேற்றுக்குள் கிடந்தார். கூட இருந்தவர்களைச் சிரிக்க வைக்க, இடிந்த வீட்டுச் சுவர்களிலும் கரித்துண்டால் கிறுக்கினார். 1915இல் 'பைஸ்டாண்டர்' வாரப் பத்திரிகை அவர் படங்களை வெளியிடத் தொடங்கியது. குண்டு மழைக்கு நடுவே ஒரு குழிக்குள் இருவர் ஒண்டியிருக்க, இதைவிட நல்ல குழி தெரிந்தால் அங்கே போய்க்கொள் என்று ஓல்ட் பில் எரிந்து விழும் படம் அந்த ஆண்டு நவம்பரில் வந்தது.

நம் வீரர்களை அழுக்கர்களாகக் காட்டுகிறாரே என்று பெரிய மனிதர்கள் முகம் சுளித்தார்கள். சிப்பாய்களோ படத்தைக் கத்தரித்துக் குழிச்சுவரில் ஒட்டிக்கொண்டார்கள். கடைசியில் ராணுவமே அவரைப் படம் வரையும் அதிகாரியாக்கி, பிரெஞ்சு, இத்தாலிய, அமெரிக்கப் படைகளிடமும் அனுப்பியது. தடுக்க முடியாத சிரிப்பைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வது அதிகாரத்தின் பழைய சாமர்த்தியம்.

இரண்டாம் உலகப்போரிலும் இதே கதைதான். அமெரிக்கரான பில் மால்டின் வரைந்த தாடிக்காரச் சிப்பாய்கள் வில்லியையும் ஜோவையும் தளபதி பேட்டனுக்குப் பிடிக்கவில்லை. நேரில் கூப்பிட்டே கண்டித்தார். மால்டின் மாறவில்லை. 1945இல், 23 வயதில், புலிட்சர் பரிசு வாங்கினார்.

இன்று பத்திரிகை ஆசிரியர் தயவு தேவையில்லை. ஈராக் போய்வந்த அமெரிக்க மரீன் வீரர் மாக்ஸிமிலியன் உரியார்ட்டே, பணியில் இருக்கும்போதே, 2010இல் 'டெர்மினல் லான்ஸ்' படத்தொடரை இணையத்தில் தொடங்கினார். அதில் குண்டைவிட அதிகம் வருவது சலிப்பு: காத்திருப்பு, துடைப்பம் பிடிப்பது, மேலதிகாரியின் அர்த்தமற்ற உத்தரவு. 2022க்குப் பின் உக்ரைனில் பதுங்குகுழி வாழ்க்கையே திரும்பிவிட்டது. தலைக்கு மேல் டிரோன் சுற்றும்போது எந்தக் குழியும் நல்ல குழி இல்லை. அங்கிருந்து கேலி கைப்பேசி வழியே மீமாக, குறும்படமாக உடனுக்குடன் வெளியேறுகிறது.

வேகம் கூடியிருக்கிறது, கூச்சமும் போயிருக்கிறது. ஆனால் ஒன்று குறைந்துவிட்டதாக எனக்குப் படுகிறது. ஓல்ட் பில்லின் பேச்சு, சிப்பாய்க்காக ஊரில் காத்திருந்த அம்மாவுக்கும் புரிந்தது. இன்றைய சிப்பாய்க் கேலி பெரும்பாலும் சிப்பாய்க்குச் சிப்பாய் சொல்வது. சுருக்கெழுத்தும் குழூஉக்குறியும் தெரியாதவர் வெளியே நிற்க வேண்டியதுதான். கோடுகளின் தரத்திலும் பேர்ன்ஸ்ஃபாதர் பக்கமே என் ஓட்டு: அவர் வரைந்த சேறு நம் காலிலும் ஒட்டும்.

அவருடைய 1916ஆம் ஆண்டு நினைவுக்குறிப்பு 'புல்லட்ஸ் அண்ட் பில்லட்ஸ்' இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆங்கிலம் கொஞ்சம் பழசு, அதற்குப் பயப்படாதீர்கள். முதலில் படங்களை மட்டும் புரட்டிப் பாருங்கள்.