கல்லாற்றுத் தவளைக்கு யார் பெயர் வைத்தது?

விதுராவைத் தாண்டிப் பொன்முடிக்குப் போகிற சாலையில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன்னால் கல்லாறு வருகிறது. திருவனந்தபுரத்திலிருந்து ஏறக்குறைய 45 கிலோமீட்டர். மேலே 22 வளைவுகள் இருக்கின்றன என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வயிறு கலங்குவதற்குள் கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று வண்டியை நிறுத்தி இறங்கினோம்.

ஆறு முழுக்கக் கல். இட்லி அளவில், பூசணிக்காய் அளவில், ஆட்டோ அளவில். ஒன்றுக்கும் கூர்முனை கிடையாது. மலையிலிருந்து உருண்டு வரும்போது ஒன்றோடொன்று மோதி முனைகள் உடைந்துபோகும். மிச்சத்தை மணலும் தண்ணீரும் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிவிடும்.

"மாமா, இதுக்குப் பேரு வச்சவரு ரொம்ப யோசிக்கல போல. கல்லு இருக்கு, ஆறு இருக்கு. கல்லாறு!" என்றாள் என் அக்கா மகள்.

அவளுக்கு 11 வயது. இரண்டு மாதமாக அவள் கையில் ஒரே கதைதான். முதலில் 'தி ஹாபிட்', பிறகு 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று பாகம். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் புத்தகம், தலையணைக்கு அடியில் புத்தகம், இதோ காரிலும் புத்தகம். கதை அவளைப் பிடித்தது போதாதென்று இப்போது அதிலுள்ள பெயர்களும் பிடித்துக்கொண்டுவிட்டன. ஒவ்வொரு பெயருக்கும் என்ன பொருள் என்று தேடி ஒரு நோட்டில் எழுதி வைக்கிறாள்.

அவள் அப்படிச் செய்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அந்தக் கதைகளை எழுதிய டோல்கீன் தொழிலால் எழுத்தாளர் அல்ல, மொழி வாத்தியார். ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்தவர். அதற்கு முன்னால் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி வேலையில் சேர்ந்து, டபிள்யூ எழுத்தில் தொடங்கும் சில சொற்களின் வரலாற்றைத் துருவிக்கொண்டிருந்தவர். அப்படிப்பட்டவர் போகிற போக்கில் ஒரு பெயரை வைப்பாரா? கண்டால்ஃப் என்ற மந்திரவாதியின் பெயர் ஐஸ்லாந்தின் பழம்பாட்டு ஒன்றில் வரும் குள்ளர்களின் பட்டியலிலிருந்து எடுத்தது. அதில் கோல் என்ற சொல்லும் வனதேவதை என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஃப்ரோடோவின் பெயரில் 'பட்டறிந்து தெளிந்தவன்' என்ற பழைய ஆங்கிலச் சொல் ஒளிந்திருக்கிறது. அவனுடைய உயிர்த்தோழன் சாம்வைஸின் பெயருக்கு மட்டும் 'பாதி அறிவுள்ளவன்' என்று பொருள். இதைக் கண்டுபிடித்த அன்று இவள் சரியாகச் சாப்பிடவில்லை. சாம்தான் அவளுக்குப் பிடித்த ஆள்.

பள்ளியில் இலக்கணம் படிக்கும்போது காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என்று இரண்டு வந்திருக்கும். பறப்பதால் பறவை, அது காரணப்பெயர். மரம், மண் இதெல்லாம் காரணம் கேட்க முடியாத இடுகுறி. கல்லாறு முதல் வகை. டோல்கீன் இரண்டாவது வகையை அவ்வளவாக நம்பாத மனிதர் என்று எனக்குத் தோன்றும்.

அவர் படைத்த ஆட்களில் மறக்கவே முடியாதவன் ஒருவன் உண்டு. மலைக்கு அடியில், இருட்டில், நிலத்தடி ஏரியில் மீன் பிடித்துத் தின்று காலம் கழிப்பவன். தொண்டைக்குள் எதையோ விழுங்குவது மாதிரி 'கொளக்' என்று ஒரு சத்தம் எழுப்புவான். அந்தச் சத்தமே அவனுக்குப் பெயராகிவிட்டது. கா, கா என்று கரைவது காக்கை ஆன மாதிரிதான். அந்தப் பெயரைத் தமிழில் எழுதுவதுதான் பெரும்பாடு. கொல்லம் என்று எழுதினால் பக்கத்து மாவட்டம். கோலம் என்றால் வீட்டு வாசல். கொல்லும் என்று எழுதினால் சின்னப்பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். 'கோல்லம்' என்று எழுதிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"கோல்லம் கேரளாவுல இருக்கான், தெரியுமா?" என்று கேட்டேன். நான் கிண்டல் செய்வதாக நினைத்துக்கொண்டாள்.

உண்மையிலேயே இருக்கிறது, மீனாக. கேரளத்தின் நிலத்துக்கு அடியில், பாறை இடுக்குகளிலும் மண்ணின் துளைகளிலும் தேங்கிய தண்ணீருக்குள் வாழும் மீன் அது. 2018ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு மலப்புறம் மாவட்டத்து வயல் ஒன்றில் கிடைத்தது. விரல் நீளமே உள்ள, செம்பழுப்பு நிறமான, விலாங்கு போல நெளியும் உடம்பு. ஆராய்ந்து பார்த்தால் நம் குளத்து விராலுக்குத் தூரத்துச் சொந்தம். ரொம்பத் தூரம். இரண்டின் முன்னோர்களும் பிரிந்தது பல கோடி ஆண்டுகளுக்கு முன்னால். விரால் தண்ணீருக்கு வெளியே தலையை நீட்டிக் காற்றை நேராகச் சுவாசிக்கும். அதற்கென்றே செவுளுக்கு மேலே தனி உறுப்பு வைத்திருக்கிறது. இந்த மீனுக்கு அது இல்லை. 2019இல் இதற்கு ஏனிக்மசன்னா கோல்லம் என்று அறிவியல் பெயர் சூட்டினார்கள். அடுத்த ஆண்டே இதற்கென்று தனிக் குடும்பம் ஒன்றையும் ஒதுக்கினார்கள்.

பெயரைப் பிரித்துப் பாருங்கள். 'சன்னா' என்பது விரால் இனத்தின் அறிவியல் பெயர். 'ஏனிக்மா' என்றால் புதிர், விடுகதை. நிலத்தடி இருட்டில் வாழ்வதால் கோல்லம். 'தி ஹாபிட்' படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு துள்ளல் வரும். அந்தக் கதையில் கோல்லம் முதன்முதலாக வருகிற அத்தியாயமே ஒரு விடுகதைப் போட்டிதானே!

அதே 2019இல் கேரளத்தின் இன்னொரு நிலத்தடி மீனுக்கு வேறு ஆய்வாளர்கள் மகாபலி என்று பெயர் வைத்தார்கள். பாதாளத்துக்கு அனுப்பப்பட்டு, ஓணத்துக்கு மட்டும் மேலே வருகிற நம் மாவேலி மன்னன். இந்தப் பெயர் எனக்கு இன்னும் பிடிக்கும். மகாபலியைத் தலையில் மிதித்துப் பாதாளத்துக்கு அனுப்பியவர் வாமனர். நாங்கள் நின்றுகொண்டிருந்த கல்லாறு கீழே போய்ச் சேர்வது வாமனபுரம் ஆற்றோடு.

"விஞ்ஞானிங்க இப்படி விளையாடலாமா?" என்று கேட்டாள்.

விளையாடலாம். விதி ஒன்றிரண்டுதான். 18ஆம் நூற்றாண்டில் சுவீடனின் லின்னேயஸ் வகுத்த முறைப்படி ஒவ்வொரு உயிருக்கும் இரண்டு சொல். முதல் சொல் பேரினம், அதாவது குடும்பப்பெயர் மாதிரி. இரண்டாவது சொல் அந்த இனத்துக்கே உரியது. முதலில் முறையாக வெளியான பெயர்தான் செல்லும். எந்த ஊரில் பிடித்த உயிரை வைத்துப் பெயரிட்டார்கள் என்பதையும் எழுதி வைப்பது வழக்கம். மற்றபடி பொருள் உங்கள் விருப்பம். கர்நாடகத்து மேற்குத்தொடர்ச்சி மலையில் கண்டெடுத்த ஒரு சிலந்தி அச்சு அசல் ஹாரி பாட்டர் கதையின் பேசும் தொப்பி மாதிரி இருந்தது. 7 மில்லிமீட்டர் உடம்பு, காய்ந்த சருகு நிறம், பின்பக்கம் கூம்பாக வளைந்திருக்கும். காய்ந்த இலை என்று நினைத்து எதிரி விட்டுவிட வேண்டும் என்பதற்கான வேஷம் அது. தொப்பியின் முதல் சொந்தக்காரர் பெயரால் 2016இல் அது எரியோவிக்சியா கிரிஃபிண்டோரி ஆனது. அருணாசலப் பிரதேசத்தில் கண்ட பச்சைக் குழிவிரியன் ஒன்று 2020இல் அதே கதையில் பாம்போடு பேசும் சலசாரின் பெயரைப் பெற்றது.

இதையெல்லாம் நான் ஏறக்குறையக் கத்தித்தான் சொன்னேன். கல்லாற்றின் இரைச்சல் அப்படி. இவள் தள்ளிப்போய் ஒரு பாறை மேல் நின்றுகொண்டாள். அங்கிருந்து என்னவோ சொன்னாள். வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. கடைசியில் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள். பிஸ்கட் வேண்டுமாம்.

அப்போதுதான் எனக்கு அந்தத் தவளை நினைவு வந்தது. இந்தப் பக்கத்து நிழல் ஓடைகளில் கட்டைவிரல் அளவில் ஒரு பழுப்புத் தவளை இருக்கிறது. ஆங்கிலத்தில் அதைக் கல்லாறு நடனத் தவளை என்றே அழைக்கிறார்கள். ஆம், இதே கல்லாறு. மற்றத் தவளைகள் மாதிரி அதுவும் கத்தும். ஆனால் ஓடையின் சலசலப்பில் அந்தச் சின்னக் குரல் எவ்வளவு தூரம் போகும்? ஆகவே ஆண் தவளை ஈரப்பாறை மேல் உட்கார்ந்து பின்னங்காலை மெதுவாக நீட்டி, விரல்களை விரித்து, விரலிடைச் சவ்வைக் கொடி மாதிரி காட்டும். பெரும்பாலும் தன் இடத்துக்குப் போட்டியாக வரும் இன்னொரு ஆணுக்குத்தான் அந்தச் செய்தி: இது என் பாறை, தள்ளிப் போ! பிஸ்கட் கேட்டவளும் தவளையும் ஒரே கணக்கைத்தான் போட்டிருக்கிறார்கள். காது கேட்காத இடத்தில் கண்ணிடம் பேசு.

இந்தத் தவளையின் அறிவியல் பெயர் மிக்ரிக்சலஸ் ஹெர்ரேய். முதல் சொல்லில் இரண்டு கிரேக்கச் சொற்கள் இருக்கின்றன: சின்னது, துள்ளுவது. சரி, பொருத்தம்தான். இரண்டாவது சொல்லில் துள்ளலும் இல்லை, நடனமும் இல்லை, கல்லாறும் இல்லை. ஹெர்ரே என்பவர் ஒரு அமெரிக்கர், அதுவும் தவளைக்காரர் அல்ல, மீன் ஆராய்ச்சியாளர். அவர் திரட்டிக் கொண்டுபோன தவளையை அமெரிக்காவில் வைத்து ஆராய்ந்த மையர்ஸ் என்பவர் 1942இல் நன்றிக்கடனாக அவர் பெயரையே வைத்துவிட்டார். கடைசியில் ஒட்டியிருக்கும் 'இ' ஓசை லத்தீன் வேற்றுமை உருபு. 'ஹெர்ரேயினுடைய' என்று பொருள். கிரிஃபிண்டோரியிலும் அதே 'இ'தான். இனிமேல் உயிரினப் பெயர் இப்படி முடிந்தால், பின்னால் ஒரு ஆள் நிற்கிறார் என்று சந்தேகப்படுங்கள்.

பிறகு பல ஆண்டுகள், இது தனி இனமே அல்ல, வேறொரு தவளைதான் என்று புத்தகங்களில் சேர்த்து எழுதிவிட்டார்கள். 2014இல் தவளை ஆராய்ச்சியாளர் எஸ். டி. பிஜுவின் குழு மேற்குத்தொடர்ச்சி மலையின் நடனத் தவளைகளை மரபணுவோடு ஒப்பிட்டு 14 புதிய இனங்களை அறிவித்தது. அப்போது இந்தப் பழைய பெயருக்கும் உயிர் கொடுத்தது. கல்லாறு என்று 1942இல் இடத்தை எழுதி வைத்திருந்தது அங்கேதான் கைகொடுத்தது. ஆனால் கல்லாறு என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறுகிற வழியிலும் ஒரு கல்லாறு உண்டு. திருவனந்தபுரத்திலிருந்து வடகிழக்கே 30 மைல் என்று தூரமும் திசையும் சேர்த்து எழுதியிருந்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மேலே பொன்முடியின் பெயர் தாங்கிய புதர்த்தவளை ஒன்று இருக்கிறது: ராவோர்கெஸ்டெஸ் பொன்முடி. 'ராவ்' என்பது பெங்களூரில் தவளைகளை ஆராய்ந்த சி. ஆர். நாராயண ராவ். 'ஓர்கெஸ்டெஸ்' என்றால் கிரேக்கத்தில் நடனமாடுபவர். ஆடுகிற தவளைக்கு மீன் ஆராய்ச்சியாளரின் பெயர். காலைக் கொடியாக ஆட்டாத தவளைக்கு நடனப் பெயர்!

நடனத் தவளையின் தலைப்பிரட்டைகள் எங்கே இருக்கின்றன என்பது ரொம்ப நாள் யாருக்கும் தெரியாமலிருந்தது. ஓடையில் தேடினால் கிடைக்காது. 2016இல் தில்லிப் பல்கலைக்கழகத்தாரும் இலங்கை, அமெரிக்க ஆய்வாளர்களும் விடை சொன்னார்கள். அவை ஓடைத் தண்ணீரில் நீந்துவதில்லை. ஓடையின் அடியில் சரளைக்கல்லுக்குள் புதைந்து வாழ்கின்றன. விலாங்கு மாதிரி ஒல்லி உடம்பு, வலுவான வால். சரளை உரசிக் கண் கெடாமல் இருக்கக் கண்ணுக்கு மேல் தோல் மூடியிருக்கிறது. தலைப்பிரட்டைப் பருவத்திலேயே விலா எலும்புகள் வந்துவிடுகின்றன. மண்ணுக்குள் நெளிந்து புக அவை உதவலாம். வயிற்றைத் திறந்து பார்த்தால் மணல். மணலோடு வரும் மக்கிய துணுக்குகள்தான் சாப்பாடு. அந்த ஆய்வில் இருந்தவை நம் கல்லாற்றுத் தவளையின் பிள்ளைகள்.

இதைக் கேட்டதும் இவள் நோட்டைப் புரட்டினாள். கோல்லத்துக்கு ஒரு பழைய பெயர் உண்டு, ஸ்மீகல். கதையில் வரும் மந்திர மோதிரத்தின் ஆசையில் கெட்டுப்போவதற்கு முன்னால் அவன் வீட்டில் கூப்பிட்ட பெயர். அதற்கு டோல்கீனே கொடுத்த பொருள், 'குடைந்து உள்ளே போகிறவன்'.

"அப்ப இந்தத் தலைப்பிரட்டைக்குத்தான் மாமா ஸ்மீகல்னு வச்சிருக்கணும்!"

வைத்திருக்கலாம்தான். ஆனால் ஸ்மீகல் என்ற பேரினப் பெயரை 1980லேயே நியூசிலாந்தில் ஒருவர் எடுத்துக்கொண்டுவிட்டார், கடற்கரைக் கூழாங்கற்களுக்கு இடையில் வாழும் ஓடில்லாத குட்டி நத்தைக்கு. விலங்குகளில் ஒரு பேரினப் பெயரை இரண்டு முறை வைக்கக் கூடாது. அதோடு, தவளைக்கு ஏற்கெனவே பெயர் இருக்கும்போது அதன் பிள்ளைக்குத் தனிப்பெயர் எப்படி வைப்பது? கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் அன்று காலாட்டும் தவளையைப் பார்க்கவில்லை. ஒரு பழுப்புத் தவளை பாறையிலிருந்து குதித்து மறைந்தது, அவ்வளவுதான். அது எந்த இனம் என்று சொல்கிற அளவுக்கு எனக்கு விவரம் போதாது. வழுக்குப் பாறையில் அதன் பின்னால் போகவும் இல்லை. நீங்களும் போகாதீர்கள், கல்லாற்றுத் தண்ணீர் பார்க்கத்தான் சாது.

திரும்பும் வழியில் அவள் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாகக் காணி மக்கள் இருக்கிறார்கள். ஹெர்ரே வருவதற்கு முன்னால் அவர்கள் அந்தத் தவளையை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்? அறிவியல் பெயர்களில் எனக்குள்ள ஒரே மனக்குறை இதுதான். அமெரிக்காவுக்குப் போன தவளைக்குப் பெயர் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரர்களை யாராவது கேட்டார்களா?

உங்கள் ஊரிலும் மழை பெய்த இரவில் ஏதோ ஒன்று கத்துகிறது அல்லவா? அதற்கு உங்கள் ஆச்சியோ தாத்தாவோ என்ன பெயர் சொல்கிறார்கள், ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். ஊர்ப் பெயரோடு ஒரு அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழுக்குள் வந்து சேர்ந்தால் இவளுடைய நோட்டில் ஒரு பக்கம் உங்களுக்கு.