கண்ணுக்குத் தப்பிய கூடுகள்

திருநெல்வேலி மாவட்டத்துச் சிற்றூர் கூந்தன்குளம். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் இங்கே ஊருக்குள், வீட்டோர மரங்களிலும் கூடு கட்டுகின்றன. ஊரார் விரட்டுவதில்லை, எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு நல்ல உரமல்லவா! 1994இல் இது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

பறவைகள் பெருகுகின்றனவா, குறைகின்றனவா என்றறிய எண்ணித்தான் ஆகவேண்டும். பறவை பறந்துவிடும், கூடு நகராது. எனவே கூட்டை எண்ணுவது எளிது. ஆயினும் இலைச் செறிவில் சில கூடுகள் தப்பிவிடும். இலை குறைந்த ஆண்டில், கூடுகள் உண்மையில் குறைந்திருந்தாலும் கணக்கு கூடுதலாகக் காட்டக்கூடும். அதை நம்பி வாளாவிருந்தால் கேடு பறவைக்குத்தான்.

தப்பியவை எத்தனை? இருவர் தனித்தனியே, கலந்து பேசாமல், மரங்களைப் படமாக வரைந்து அதில் கூடுகளைக் குறிக்கட்டும். முதலாமவர் கண்டவை 40, இரண்டாமவர் கண்டவை 36, இருவரும் கண்டவை 30 என்று கொள்வோம். இரண்டாமவரின் 36 கூடுகளில் முதலாமவர் கண்ணில் பட்டவை 30. அதாவது ஆறில் ஐந்து பங்கு. அவருடைய 40 என்பது மொத்தத்தில் ஆறில் ஐந்து பங்கானால், மொத்தம் 48. இருவரும் சேர்ந்து கண்டவையோ 46. ஆக, தப்பியவை இரண்டு!

பெரிய கூழைக்கடாவின் கூடும் சிறு கொக்கின் கூடும் ஒரே அளவில் கண்ணில் படா. ஆகவே இனந்தோறும் தனிக்கணக்கு வேண்டும். இருவருக்குமே மறைந்திருக்கும் கூடுகள் மிகுந்தால் இம்முறையும் குறைவான விடையே தரும். அப்போது வேறு பக்கத்திலிருந்தும் பார்க்கவேண்டும். எந்தத் திண்ணையிலிருந்து எந்தக் கிளை தெரியும் என்பதை அந்த வீட்டாரிடமே கேட்கலாம்.