காக்கைகள் முதலில் செத்தன

1999 கோடையில் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் காக்கைகள் கொத்துக்கொத்தாகச் செத்து விழுந்தன. ஆகஸ்ட் இறுதியில் அதே பகுதி மருத்துவமனைக்கு முதியவர்கள் சிலர் மூளைக்காய்ச்சலோடு வந்தார்கள். சிலருக்குக் கை கால்களில் வலுவே இல்லை. கொசு பரப்பும் செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்று செப்டம்பர் 3 அன்று அறிவித்துவிட்டு, நகர நிர்வாகம் மருந்தடிக்கத் தொடங்கியது.

பறவைச் சாவையும் மனித நோயையும் சேர்த்துப் பார்த்தவர் பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவின் நோயியல் நிபுணர் டிரேசி மெக்னமாரா. அங்கே பூநாரைகள் செத்துக்கொண்டிருந்தன. அறுத்துப் பார்த்தால் மூளையில் ரத்தக்கசிவு, இதயத்தில் கடும் அழற்சி. செயின்ட் லூயிஸ் வைரஸ் பறவைகளின் உடலில் தங்கும், சாகடிக்காது. அமெரிக்காவில் பறவைகளைக் கொல்லும் கொசுவழி நோயான கிழக்கத்தியக் குதிரை மூளைக்காய்ச்சலாக இருந்தால் ஈமு கோழிகள் தப்பியிருக்காது. பூங்காவின் ஈமுக்களுக்கோ ஒரு குறையுமில்லை. அப்படியென்றால் இது வேறு ஏதோ!

நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யிடம் சொன்னார். பறவைச் சாவுக்கும் மனித நோய்க்கும் தொடர்பில்லை என்பதே அங்கிருந்த எண்ணம். விடாமல், அயோவாவில் உள்ள வேளாண் துறை ஆய்வகத்துக்கும் ராணுவ ஆய்வகத்துக்கும் மாதிரிகளை அனுப்பவைத்தார். செப்டம்பர் கடைசி வாரத்தில் விடை தெரிந்தது: வெஸ்ட் நைல் வைரஸ். 1937-ல் உகாண்டாவில் கண்டறியப்பட்ட அது, அமெரிக்கக் கண்டத்தில் அதுவரை தலைகாட்டியதே இல்லை. செயின்ட் லூயிஸ் வைரஸுக்கு நெருங்கிய உறவு என்பதால் நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை ஏமாற்றிவிட்டது.

அந்த ஆண்டு 62 பேருக்குக் கடும் நோய். 7 பேர் இறந்தார்கள். நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: இரண்டு வைரஸ்களையும் பரப்புவது க்யூலெக்ஸ் கொசு என்பதால் மருந்தடித்தது வீண்போகவில்லை. இழந்தது முன்னெச்சரிக்கையைத்தான். காட்டுப் பறவைக்கு ஒரு துறை, பண்ணை விலங்குக்கு ஒன்று, மனிதருக்கு ஒன்று. ஒருவர் சோதனை முடிவு அடுத்தவர் கைக்குப் போக வழியே இருக்கவில்லை. ஒரு பெண்ணின் பிடிவாதத்தை நம்பி ஒரு நகரத்தின் உயிர் இருக்கலாமா?

2000-ல் சி.டி.சி. ஆர்போநெட் என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. மனிதர், குதிரை, பறவை, கொசு என எல்லாச் சோதனை முடிவுகளும் மாநிலங்களிலிருந்து ஒரே இடத்துக்கு வந்தன. ஒரு வட்டாரத்தில் காக்கைகள் சாகிற வேகத்தைப் பார்த்தே, அங்கே மனிதருக்கு நோய் வருமென்று வாரங்களுக்கு முன்பே கணிக்க முடிந்தது. ஆனால் பிற்பாடு நிதி குறைந்தபோது பல மாநிலங்கள் முதலில் கைவைத்தது செத்த பறவைகளைச் சோதிக்கும் வேலையில்தான்.