பொட்டிப்புரத்துப் பூதம்

ஊரறிந்த மர்மங்கள் – 9

தேவதானப்பட்டி மூங்கிலணை காமாட்சி அம்மன் கோயிலின் அடைத்த கதவைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கதவுக்கே மாலை, கதவுக்கே பூசை. அதைப் படித்துவிட்டு ஜெயமங்கலத்திலிருந்து ஒரு வாழை விவசாயி போனில் கூப்பிட்டார். "ஆத்தா கதவு அடைச்சே இருக்கட்டும் சார், அதுல எங்களுக்குப் பயம் ஒண்ணும் இல்ல. பொட்டிப்புரத்து மலையில கவர்மெண்டு ஒரு கதவு வைக்கப் போறதாச் சொன்னாகல்ல, அதப் பத்தி எழுதுங்க. அதுக்குள்ள என்னத்தத்தேன் வைக்கப் போறாக?"

பேய், முனி, கருப்பு என்று போய்க்கொண்டிருந்த தொடர் இது. ஆனால் அவர் கேட்டது நியாயம். கடந்த பதினைந்து ஆண்டுகளில் தேனி மாவட்டத்தில் எந்த முனியையும்விட அதிகம் பேசப்பட்ட பூதம் நியூட்ரினோதான்.

ஜெயமங்கலத்துக்கும் பொட்டிப்புரத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பெரியகுளம், தேனி, போடி தாண்டித் தேவாரம் பக்கம் போக வேண்டும். ஆனாலும் அவர் ஊர் டீக்கடையில் உட்கார்ந்து "நியூட்ரினோ" என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், ஆளுக்கொரு கதை வருகிறது. மலையைக் குடைந்து அணுக் கழிவைப் புதைக்கப் போகிறார்கள். அமெரிக்காவிலிருந்து பூமிக்குள்ளேயே ஒரு கதிரை அனுப்பி இங்கே பிடிக்கப் போகிறார்கள், அது ஆயுதம். மலை அதிர்ந்து முல்லைப் பெரியாறு உடையும். நியூட்ரினோ கசிந்தால் பத்து ஊர் ஜனம் காலி. கருப்பிடிக்காது, பயிர் விளையாது. "அம்புட்டும் நெசமாண்ணே?" என்று ஒரு கல்லூரிப் பையன் கேட்டான். அவனுக்குப் பதில் சொல்லப் பெரியவர்கள் நான்கு பேர் போட்டி போட்டார்கள். யாருக்கும் சந்தேகமில்லை.

முதலில், அது என்ன? 1930-இல் வுல்ஃப்காங் பௌலி என்ற இயற்பியலாளர், கதிரியக்கச் சிதைவில் கணக்குக்கு வராமல் காணாமல் போகும் ஆற்றலைச் சரிக்கட்ட, கண்ணுக்கும் கருவிக்கும் அகப்படாத ஒரு துகள் இருக்க வேண்டும் என்று ஊகித்தார். அதைப் பிடித்துக் காட்ட 1956 வரை ஆனது. மின்னூட்டம் கிடையாது, நிறை இருக்கிறதா என்று தேட வேண்டிய அளவுக்குத் துளி, எதனோடும் ஒட்டாது. சூரியனிலிருந்து கிளம்பி, உங்கள் கட்டைவிரல் நகத்தின் அளவுள்ள இடத்தில் ஒவ்வொரு நொடியும் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் புகுந்து வெளியேறுகின்றன. இரவில் பூமியைத் துளைத்துக்கொண்டு கீழிருந்து வருகின்றன.

அந்த வாழை விவசாயிக்குச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இதில் உண்டு. வாழைப்பழத்தில் பொட்டாசியம் இருக்கிறதல்லவா, அதில் மிகச் சிறு பங்கு கதிரியக்கம் உடைய பொட்டாசியம்-40. அது சிதையும்போது நியூட்ரினோ வகைத் துகள்கள் பிறக்கின்றன. ஒரு பழத்திலிருந்து நொடிக்குப் பத்துப் பதினைந்து. அதைத் தின்றவர் உடம்பிலிருந்து நொடிக்கு ஆயிரக்கணக்கில். ஜெயமங்கலத்து வயல்களில் தார் தாராக நியூட்ரினோ விளைந்துகொண்டுதான் இருக்கிறது. கசிவு என்று பயப்பட வேண்டுமானால் லாரியில் ஏற்றும் லோடுக்கே பயப்பட வேண்டும்.

பொட்டிப்புரத்தில் வைக்கத் திட்டமிட்டது நியூட்ரினோவை உண்டாக்கும் கருவி அல்ல, பிடிக்கும் கருவி. மேற்கு போடி மலையில், சார்னகைட் என்ற கடினப் பாறைக்குள் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம். அதன் முனையில் 132 மீட்டர் நீளத்தில் ஒரு குகை. அதற்குள் இரும்புத் தகடுகளை அடுக்கடுக்காக வைத்து 50,000 டன் எடையில் ஒரு காந்தம். ஈஃபில் கோபுரத்தின் இரும்பு 7,300 டன். ஏறக்குறைய ஏழு கோபுரங்களை உருக்கி மலைக்குள் வைப்பதாகக் கொள்ளுங்கள். தகடுகளுக்கு இடையே கண்ணாடியாலான உணரிகள். எப்போதாவது ஒரு நியூட்ரினோ இரும்பணு ஒன்றில் மோதினால், மியூவான் என்ற துகள் பிறந்து ஓடும். காந்தத்தில் அது வளையும் திசையைப் பார்த்து வந்தது நியூட்ரினோவா, எதிர் நியூட்ரினோவா என்று சொல்லிவிடலாம். மலை எதற்கு என்றால், விண்ணிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களின் இரைச்சலை வடிகட்ட. தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை இருந்தால் அந்த இரைச்சல் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறையும்.

இந்த வேலை நமக்குப் புதிதும் அல்ல. 1965-இல், கோலார் தங்க வயலில் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து வைத்த கருவியில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்கள் உலகில் முதன்முதலாகச் சிக்கின. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் இன்னொரு தங்கச் சுரங்கத்திலும் சிக்கின. அப்போது கோலாரில் யாரும் பயந்ததாகத் தெரியவில்லை. தங்கம் தோண்டுகிற இடத்தில் எதைத் தோண்டினால் என்ன என்று விட்டிருப்பார்கள்.

பயம் எங்கிருந்து வந்தது? என்னைக் கேட்டால், 2009 நவம்பரிலிருந்து கதையைத் தொடங்குவேன். இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு முதலில் பார்த்த இடம் நீலகிரியில் மசினகுடி அருகே சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய யானை வழித்தடம் என்பதால், அந்த மாதம் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் முடியாது என்று சொல்லிவிட்டார். தேனிப் பக்கம் சுருளியாற்றைப் பாருங்கள் என்றார். அதே மாதம் '2012' என்ற ஹாலிவுட் படம் திரைக்கு வந்தது. படம் ஆரம்பிப்பதே இந்தியாவில், ஒரு தாமிரச் சுரங்கத்தின் அடியில். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் குணம் மாறிப் பூமியின் மையத்தைச் சூடாக்குகின்றன. கடைசியில் உலகமே மூழ்குகிறது. அறிவியலாளர்கள் இந்தத் துகளைப் பற்றித் தமிழில் நான்கு வரி சொல்வதற்கு முன்னால், நியூட்ரினோ என்றால் பிரளயம் என்று சினிமா சொல்லிக்கொடுத்துவிட்டது.

சுருளி கைவிடப்பட்டு, பொட்டிப்புரத்துக்கு 2010-இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. மறு ஆண்டே கூடங்குளம் பற்றி எரிந்தது. நியூட்ரினோவுக்குப் பணம் தரும் துறைகளில் ஒன்று எது தெரியுமா? கூடங்குளத்தை நடத்தும் அதே அணுசக்தித் துறை. 2012 நவம்பரில் கூடங்குளம் வழக்கின்போது, அணுக் கழிவைக் கைவிடப்பட்ட கோலார் சுரங்கத்தில் புதைக்கலாம் என்ற யோசனை உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசுத் தரப்பிலிருந்தே வந்தது. கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியதும், அப்படி ஒரு திட்டமே இல்லை என்று மறுத்தார்கள். நியூட்ரினோவைப் பிடித்த சுரங்கத்துக்கே இந்தக் கதி என்றால், பொட்டிப்புரத்துக்காரர் சந்தேகப்படுவதை மூடநம்பிக்கை என்று எப்படித் தள்ளுவது? மலைக்குள் இடம் கேட்பது அதே துறை. இரண்டையும் கூட்டிப் பார்க்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கழிவுக் கதை பொய்தான். ஆனால் அதற்கு விதை போட்டது அரசாங்கம்.

அமெரிக்கக் கதிருக்கும் இப்படி ஒரு வேர் உண்டு. ஃபெர்மி ஆய்வகத்திலிருந்து செயற்கை நியூட்ரினோக் கற்றையை அனுப்பத்தான் இந்தச் சுரங்கம் என்று கேரளத்து ஆய்வாளர் வி.டி. பத்மநாபன் எழுதினார், கேரள முன்னாள் முதல்வர் வி.எஸ். அச்சுதானந்தனும் 2012-இல் திட்டத்தை எதிர்த்தார். ஆய்வகத்தின் தொடக்க கால அறிக்கையைப் புரட்டினால், பிற்காலத்தில் இரண்டாம் கட்டமாக வெளிநாட்டு நியூட்ரினோ ஆலைகளின் கற்றையைப் பிடிக்கலாம் என்ற ஆசை அதில் எழுதப்பட்டே இருக்கிறது. அப்படிக் கற்றை வந்திருந்தாலும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பூமிக்குள் ஓடி வருவதற்குள் கிலோமீட்டர்க் கணக்கில் விரிந்து நீர்த்துப் போயிருக்கும்; ஒரு கொசுவைக்கூடத் தொந்தரவு செய்யாது. கொஞ்சம் விவரமானவர்கள் ஆயுதம் என்பதற்குக் காட்டும் ஆதாரம், 2003-இல் ஜப்பானிய இயற்பியலாளர் ஹிரோடகா சுகவாராவும் வேறு இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை. அதி உயர் ஆற்றல் நியூட்ரினோக் கற்றையால் தொலைதூர அணுகுண்டுகளைச் செயலிழக்கச் செய்யலாம் என்று அது சொல்வது உண்மை. அதற்கு என்ன வேண்டும் என்று அவர்களே கணக்குப் போட்டிருக்கிறார்கள்: ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் சுற்றளவுள்ள துகள் முடுக்கி, 50 கிகாவாட் மின்சாரம். இன்று உலகின் மிகப் பெரிய முடுக்கி ஜெனீவாவில் இருக்கிறது. அதன் சுற்றளவு 27 கிலோமீட்டர். மின்சாரமோ தமிழ்நாட்டின் உச்சத் தேவையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இன்னொன்று: ஆயுதம் கற்றை கிளம்பும் இடத்தில்தான் இருக்கும், பிடிக்கும் இடத்தில் இருக்காது. துப்பாக்கியைத் தேடிக்கொண்டு போய் இலக்குப் பலகையைப் பிடித்து உலுக்கியிருக்கிறோம்.

அணை உடையும் என்ற பேச்சு 2011 கடைசியில் எல்லையில் பற்றிய முல்லைப் பெரியாறு நெருப்பின் மிச்சம். கேரளத்துக்காரருக்கு உடையுமே என்ற பயம். கம்பம் பள்ளத்தாக்குக்காரருக்குத் தண்ணீர் போய்விடுமே என்ற பயம். இரண்டும் சேர்ந்து பொட்டிப்புரம் பக்கம் ஒதுங்கின. பாறையை வெடி வைத்துத் தகர்ப்பதில் அதிர்வு உண்டு, தூசி உண்டு, கிணறுகளில் விரிசல் விழுமா என்ற கேள்வி உண்டு. சுரங்கத்தை ஒட்டியிருக்கும் ஊருக்கு இது நிஜமான கேள்வி; தொலைவில் இருக்கும் பெரியாற்று அணைக்கு அல்ல.

நிஜமான கேள்விகளைப் பூதம் விழுங்கிவிட்டது என்பதில்தான் எனக்கு ஆதங்கம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாயில் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அப்துல் கலாம் ஆதரித்து எழுதினார். வைகோ வழக்குத் தொடுத்தார். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்று அந்த மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடுத்தது. 2017 மார்ச்சில் பூவுலகின் நண்பர்கள் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரித்த நிறுவனத்துக்கு அதற்கான அங்கீகாரமே இல்லை என்பது வெளிவந்து, பழைய அனுமதியைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்திவைத்தது. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்பதும் அந்த வழக்கில் பேசப்பட்டது. 2018 மார்ச்சில் மத்திய அரசு மறுபடி அனுமதி கொடுத்தது. எந்தப் பிரிவில் தெரியுமா? கட்டடக் கட்டுமானப் பணிகள். மலைக்குள் இரண்டு கிலோமீட்டர் குடைவது அடுக்குமாடி கட்டுவதோடு ஒரே பட்டியலில் 'சிறப்பு நேர்வாக' உட்கார்ந்தது. இதைவிடப் பெரிய மர்மம் இந்த விவகாரத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

அதே மாதக் கடைசியில் வைகோ மதுரையில் தொடங்கிய நடைப்பயணத்தின்போது கட்சித் தொண்டர் ஒருவர் தீக்குளித்து, பின்னர் இறந்துபோனார். ஒரு துகளின் பெயரால் உலகில் வேறெங்கும் ஓர் உயிர் இப்படிப் போயிருக்குமா என்று தெரியவில்லை. கதிர்வீச்சு பற்றி ஊர் ஊராகப் பேசியவர்களும், சென்னை, மும்பை அரங்குகளில் ஆங்கிலத்தில் விளக்கிவிட்டு ஊருக்குள் தாமதமாக வந்தவர்களும் இதில் தங்கள் பங்கை யோசிக்க வேண்டும்.

அந்த நவம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை ஏற்றுக்கொண்டது. தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் தொடங்கக் கூடாது என்று முடிச்சும் போட்டது. 2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு பிப்ரவரியில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில், பெரியாறு–மதிகெட்டான் புலி வழித்தடம், வைகைக்குத் தண்ணீர் தரும் நீர்ப்பிடிப்புப் பகுதி, இங்கே அனுமதிக்க முடியாது என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தது. கவனியுங்கள்: அதில் ஆயுதம் இல்லை, அமெரிக்கா இல்லை, கசிவு இல்லை. புலியும் தண்ணீரும்தான். சிங்காராவிலும் அப்படித்தான், அங்கே யானை, புலி.

என் தீர்ப்பு இது. நியூட்ரினோவால் தேனிக்கு எந்த ஆபத்தும் இல்லை, இருந்ததும் இல்லை. சுரங்கத்தால் மலைக்கும் காட்டுக்கும் வரும் சேதம் எவ்வளவு என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் தரப்படவில்லை. முதலாவதை நம்பியவர்கள் ஏமாந்தார்கள். இரண்டாவதைக் கேட்டவர்களின் குரல் முதலாவதன் கூச்சலில் பாதி நாள் காதில் விழவில்லை. மேய்ச்சலுக்கு ஆடு ஓட்டிப் போகிறவர் "இந்தப் பொறம்போக்க வளைச்சுட்டா ஆட்டுக்கு எங்கே போக?" என்று கேட்டதை எந்த டிவியும் பெரிதாகக் காட்டவில்லை, அமெரிக்க ஆயுதத்துக்குத்தான் ஒரு மணி நேர விவாதம்.

இந்த ஆய்வகம் தேடவிருந்த விடைகளில் ஒன்று, மூவகை நியூட்ரினோக்களில் எது கனமானது, எது லேசானது என்ற வரிசை. அதே விடையைத் தேடிச் சீனாவின் ஜியாங்மென் அருகே நிலத்தடியில் கட்டிய ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்டில் வேலையைத் தொடங்கிவிட்டது. பொட்டிப்புரத்தில் வைக்க நினைத்த கருவியின் சிறு வடிவம், 85 டன் காந்தத்தோடு, 2018 முதல் மதுரையில் காஸ்மிக் கதிர்களைப் பதிவு செய்துவருகிறது. அந்த ஊரில் அதனால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

(தொடரும்)