அலை அடிக்குது வாசல்ல... அறிவியல் தூங்குது புஸ்தகத்துல!

தவளையின் இதயத்துக்கு எத்தனை அறைகள்?

'மூணு!' தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவீர்கள். சரி சார், தவளையை என்றைக்காவது கையில் பிடித்துப் பார்த்ததுண்டா?

'அய்யே... வழவழன்னு இருக்குமே!'

அவ்வளவுதான் நாம் படித்த சயின்ஸ். மார்க் வந்தது, தவளை வரவில்லை.

இந்தக் கூத்து கோவளத்தில் நடந்தால் இன்னும் வேடிக்கை. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 40 கிலோ மீட்டர். சனிக்கிழமை பைக்கை உதைத்துக் கிளம்பும் ஆபீஸ் இளைஞர்களுக்கு அது வஞ்சிர வறுவலும் அலைச்சறுக்கும். அந்த ஊர் ஹைஸ்கூல் பையனுக்கோ, வாசலைத் தாண்டினால் கூரை போடாத ஒரு பெரிய லேப்!

ஒரு லிட்டர் கடல் தண்ணீரைக் காய்ச்சி வற்ற விட்டால் ஏறக்குறைய 35 கிராம் உப்பு மிஞ்சும். 'கரைசல்' பாடம் முடிந்தது. பக்கத்து நெம்மேலியில் அதே கடல் தண்ணீரை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீராக்கும் ஆலை 2013-ல் வந்தது. 'சவ்வூடு பரவல்' என்று மனப்பாடம் செய்கிற சமாசாரத்தைத் தலைகீழாக ஓட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

உயிரியலா? ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையோரம் பங்குனி ஆமை முட்டையிட வரும். மணல் சூடு கூடினால் குஞ்சு பெண், குறைந்தால் ஆண்! பூமி சூடாகிறது என்ற பாடத்துக்கு இதைவிட உறைக்கிற உதாரணம் உண்டா?

இயற்பியலா? கரையை நெருங்க நெருங்க, ஆழம் குறையக் குறைய, அலை வேகம் குறைந்து உயரம் கூடுகிறது. சறுக்குப் பலகைப் பையன்களுக்கு அதுதான் கொண்டாட்டம். 4,000 மீட்டர் ஆழக் கடலில் மணிக்கு 700 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் சுனாமிக்கும் அதே கணக்குத்தான். 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த கடற்கரைக்கு அந்த ஒரு பாடம் பரீட்சைக்கு மட்டுமல்ல, உயிருக்கும் உதவும்.

'அப்படின்னா நம்ம புஸ்தகம் மட்டமா?'

அப்படிச் சொல்ல முடியாது. 2018-லும் 2019-லும் தமிழ்நாட்டில் வந்த புதிய பாடநூல்களில் கலர் படம், செல்போனைக் காட்டினால் வீடியோ விரியும் சதுரக் கட்டம், செய்து பார்க்கச் செயல்பாடு எல்லாம் உண்டு. சிக்கல் எங்கே? நல்ல புஸ்தகத்தை அச்சடிப்பது வேறு, அதை வகுப்புக்குள் கொண்டுவருவது வேறு.

இதை மத்தியப் பிரதேசத்துக்காரர்கள் ஐம்பது வருஷத்துக்கு முன்பே செய்து பார்த்தார்கள். 1972-ல் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஆரம்பம். டாடா ஆராய்ச்சி நிறுவனம், டில்லி பல்கலைக்கழகம் என்று பெரிய பெரிய இடத்து விஞ்ஞானிகள் கிராமத்து வாத்தியார்களோடு தரையில் உட்கார்ந்து பாடம் தயாரித்தார்கள். 'பால வைஞானிக்' என்ற புஸ்தகத்தில் விடை இருக்காது. பையனே செய்து கண்டுபிடிக்க வேண்டும். வாத்தியார்களுக்குப் பயிற்சி, மாதாமாதம் கூட்டம். பரீட்சையிலோ புஸ்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம்! (பிட்டுக்கு வேலையே இல்லை.) சந்தேகம் வந்தால் 'சவாலிராம்' என்ற கற்பனை ஆசாமிக்கு லெட்டர் போடலாம். பதில் வரும்.

1978-ல் மாவட்டம் முழுக்கப் பரவி, 1982-ல் 'ஏகலவ்யா' அமைப்பு பொறுப்பேற்று, கடைசியில் ஆயிரம் பள்ளிகளை எட்டியது. 2002-ல் மாநில அரசு திட்டத்தை மூடிவிட்டது. பொதுத்தேர்வு ரிசல்ட்டைக் காட்டித்தான் எதிர்ப்பு கிளம்பியது.

கவனியுங்கள்: அந்தத் திட்டம் ஆறு முதல் எட்டு வரைதான். எட்டாவது வரை 'ஏன் சார்?' என்று கேட்டுப் பழகிய பையன், ஒன்பதாவதில் வாயைப் பொத்திக்கொண்டு நெட்டுருப் போட வேண்டியிருந்தது. பாடம் மாறியது, மேலே இருந்த பரீட்சை மாறவில்லை.

நம்ம ஊரில் 2022 நவம்பர் 28-ல் 'வானவில் மன்றம்' தொடங்கினார்கள். பரிசோதனைச் சாமான்களோடு ஆட்கள் அரசுப் பள்ளிகளுக்கே வருகிற நல்ல ஏற்பாடு. அதுவும் ஆறு முதல் எட்டு வரைக்குத்தான்! அதே படிக்கட்டில், அதே படியில் நிற்கிறோம்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் 75 எழுத்துக்கு, 25 செய்முறைக்கு. அந்த 75-ல் பாதிக் கேள்வி யோசித்து எழுதுகிற மாதிரி வந்தால் போதும். பூட்டிக் கிடக்கும் லேப் கதவு தானாகத் திறக்கும். கேள்வித்தாள் எப்படியோ, வகுப்பும் அப்படித்தானே?

இது யாருடைய கவலை? வசதி உள்ளவன் பிள்ளைக்குக் கோச்சிங் கிளாஸ் இருக்கிறது. அப்பா கட்டுமரமோ ஃபைபர் போட்டோ ஓட்டுகிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் ஒன்றுதான். இத்தனைக்கும் வாடை, கொண்டல் என்று காற்றை மூக்கிலேயே எடை போடும் அப்பாவின் மகன் அவன். அந்த அறிவுக்கு மார்க் இல்லை. 'கடற்காற்று - சிறுகுறிப்பு வரைக' என்பதற்கு உண்டு.

கோவளத்துக்கு உள்ளே தள்ளி சிறுசேரியில் கம்ப்யூட்டர் தட்டும் தம்பிகளே, அடுத்த முறை வஞ்சிரம் தின்ன வரும்போது, அங்கே விளையாடும் பத்தாங்கிளாஸ் பையனிடம் 'அலை கரைக்கு வந்ததும் ஏன்டா உசருது?' என்று கேட்டுப் பாருங்கள்.

ஜாக்கிரதை... அவன் திருப்பி உங்களைக் கேட்டாலும் கேட்பான்!