இலவசக் காட்சிக்கு விலை கொடுப்பவர் யார்?

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்கே, நெவாடா மாநிலத்துப் பாலைவனத்தின் நடுவில் இருக்கின்றது லாஸ் வேகாஸ் நகரம். அங்கே 'ஸ்ட்ரிப்' என்று அழைக்கப்படும் ஒரு சாலைப் பகுதி உண்டு. நீளம் ஏறக்குறைய 6.8 கிலோமீட்டர். எகிப்து, ரோமாபுரி, வெனிஸ், பாரிஸ், நியூயார்க் ஆகிய அனைத்தையும் அந்த ஒரே சாலையில், ஒரே நாளில், கால்நடையாகவே பார்த்துவிடலாம். எல்லாம் சூதாட்ட விடுதிகள் எழுப்பிய போலி உருவங்கள்தாம். ஆயினும் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. வாயிலில் தடுப்பாரும் இல்லை.

இத்தனையும் இலவசம் என்றால், இவற்றுக்கெல்லாம் விலை கொடுப்பவர் யார்? 2025 மே மாதம் கலிபோர்னியாவிலுள்ள என் மாமா குடும்பத்தோடு அங்கே சென்றபோது இந்தக் கேள்வி என்னைத் தொற்றிக்கொண்டது. மாமா காரில் சுற்றிக் காட்டுவதாகச் சொன்னார். நான் நடந்தே பார்த்தேன். கண்ணால் கண்டதையும், புள்ளியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் கணக்கிட்டதையும் நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாலைவனத்தில் ஒரு சாலை

நெவாடா மாநிலம் 1931இல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதே ஆண்டில்தான் அருகே கொலராடோ ஆற்றில் ஹூவர் அணையின் வேலையும் தொடங்கியது. இந்தச் சாலையின் முதல் பெரிய விடுதி 1941இல் எழுந்தது. சாலையின் பெரும்பகுதி நகர எல்லைக்கு வெளியே இருப்பது தற்செயல் அன்று. எல்லைக்கு வெளியே நகர வரி இல்லை!

1966இல் ஜே சார்னோ என்பவர் ரோமானிய அரண்மனை போன்ற விடுதியைக் கட்டி, 'சீசர்ஸ் பாலஸ்' என்று பெயரிட்டார். ஒரு சீசரின் அரண்மனை என்று அதற்குப் பொருள் இல்லையாம். வருகின்ற ஒவ்வொருவரும் சீசர்தான் என்பது அவர் கருத்து. வாடிக்கையாளருக்கு முடிசூட்டிவிட்டுப் பிறகு பையைத் திறக்கச் சொல்லும் இந்த உபாயம் நன்றாகப் பலித்தது. 1990களில் இவ்வகை மாளிகைகள் வரிசையாக எழுந்தன.

நடந்து கண்டவை

தெற்கிலிருந்து வடக்கே நடந்தேன். முதலில் எதிர்ப்பட்டது 1993இல் திறக்கப்பட்ட 'லக்ஸர்'. கறுப்புக் கண்ணாடியால் ஆன பிரமிடு, முப்பது மாடி, உயரம் ஏறக்குறைய 107 மீட்டர். தில்லிவாசிகளாகிய நமக்குக் குதுப்மினார் தெரியும். அது 73 மீட்டர்தான். பிரமிடின் சுவர் சாய்ந்திருப்பதால் உள்ளே மின்தூக்கியும் 39 பாகைச் சாய்வில் ஏறி இறங்குகின்றது.

சற்று வடக்கே 'நியூயார்க்–நியூயார்க்'. அதன் முன்னே சுதந்திர தேவி நிற்கின்றாள். அமெரிக்க அஞ்சல் துறை ஒரு தபால்தலையில் உண்மைச் சிலைக்குப் பதிலாக இந்தப் போலிச் சிலையின் படத்தையே அச்சிட்டுவிட்டது! 2011இல் குட்டு வெளிப்பட்டது. போலிச் சிலையைச் செய்த சிற்பி வழக்குத் தொடுத்தார். 2018இல் நீதிமன்றம் அவருக்கு ஏறக்குறைய 35 லட்சம் டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது.

அப்பால் 1998இல் திறக்கப்பட்ட 'பெல்லாஜியோ'வின் முன்னே எட்டு ஏக்கருக்கு மேற்பட்ட ஏரி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீர்த்தாரைகள் இசைக்கேற்ப எழுந்தாடுகின்றன. பாலைவனத்தில் இவ்வளவு நீரா என்று கேட்பீர்கள். முன்பு அவ்விடத்தில் இருந்த கோல்ப் மைதானத்துக்கென்று தோண்டிய கிணற்று நீரே அது. எதிரே பாரிஸ் விடுதியின் ஈபில் கோபுரம், உண்மைக் கோபுரத்தில் பாதி அளவு. இன்னும் வடக்கே 'வெனிஷியன்'. அங்கே மாடிமேல் கால்வாய், கால்வாயில் படகு, படகோட்டி பாடுகின்றார், தலைக்கு மேல் கூரையில் தீட்டிய நீலவானம். கைக்கடிகாரத்தில் மாலை ஐந்து மணி. அந்த வானத்திலோ எப்போதும் ஒரே பொழுது.

கால்களை நடத்திச் செல்லும் கலை

அந்தச் சாலையில் நடப்பவர் முதலில் ஏமாறுவது தூரத்தில்தான். அடுத்த மாளிகை இதோ, ஐந்து நிமிட நடை என்று தோன்றும். கால்மணி நடந்தாலும் அது அங்கேயே நிற்கும். காரணம் எளிது. பழகிய பொருளின் பருமனைக் கொண்டே நம் கண் தூரத்தை மதிப்பிடுகின்றது. கட்டடமே வழக்கத்தை மீறிப் பெரிதானால் கண்ணின் கணக்குத் தவறிவிடுகின்றது. பாலைவனத்து வறண்ட காற்றில் தொலைவிலுள்ளதும் தெளிவாகத் தெரிவதால் மயக்கம் இன்னும் கூடுகின்றது.

பெரிய சந்திப்புகளில் சாலையைக் குறுக்கே கடக்க முடியாது. மேம்பாலம் ஏறவேண்டும். ஏறி இறங்கினால் விடுதியின் வாசல்! வெளியே வெயில், உள்ளே குளிர்ந்த காற்று. கால் தானே உள்ளே திரும்புகின்றது. உணவுக் கூடத்துக்கோ, கழிப்பறைக்கோ, மறுபக்க வாசலுக்கோ போக வேண்டுமென்றால் சூதாட்டக் கூடத்தின் நடுவேதான் பெரும்பாலும் வழி. அங்கே சன்னலைக் காண்பது அரிது. சுவர்க் கடிகாரத்தைக் காண்பது அதனினும் அரிது.

ஒரு சக்கரத்தின் கணக்கு

'ரூலெட்' என்னும் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கச் சக்கரத்தில் 38 அறைகள். 1 முதல் 36 வரை எண்கள். அவற்றில் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. மீதி இரண்டு பச்சை நிறப் பூச்சியங்கள். ஒருவர் 38 அறைகளிலும் ஒவ்வொரு டாலர் வைத்தால், வென்ற அறைக்காக அவர் கையில் வருவது 36 டாலர். போனது இரண்டு. அதாவது நூற்றுக்கு 5.26. இப்போது சில விடுதிகளில் மூன்று பூச்சியம் உள்ள சக்கரங்களும் வந்துவிட்டன. அவற்றில் நூற்றுக்கு 7.69.

இவ்வளவு சிறிய பங்கா இத்தனை மாளிகைகளைக் கட்டியது என்று ஐயுறலாம். இங்கேதான் பெரும் எண்களின் விதி வருகின்றது. சிவப்பின்மேல் ஒரு டாலர் வீதம் ஒருவர் 100 முறை ஆடுகின்றார் என்போம். சராசரி நட்டம் 5 டாலர்தான். ஆனால் திட்ட விலக்கம் 10 டாலர். ஆகவே இவ்வாறு ஆடும் நூறு பேரில் ஏறக்குறைய 26 பேர் லாபத்தோடு எழுவார்கள். அவரே 1,000 முறை ஆடினால் லாபத்தோடு எழுபவர் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. விடுதிக்காரரோ பத்து லட்சம் ஆட்டங்களைப் பார்ப்பவர். அவருடைய சராசரி லாபம் 52,600 டாலர். திட்ட விலக்கம் 1,000 டாலர்தான். அவர் தோற்பதற்கு வழியே இல்லை எனலாம். மேசையின் இந்தப் பக்கம் சூது. அந்தப் பக்கம் வெறும் வாணிகம்.

இன்று அச்சாலையின் பெரிய விடுதிகள் சூதாட்டத்தைவிட அறை, உணவு, கேளிக்கை ஆகியவற்றிலேயே மிகுதியாகச் சம்பாதிக்கின்றன என்பதையும் சொல்லவேண்டும். சூதாடாத நானும் ஒரு தண்ணீர்ப் புட்டிக்கு இங்கே இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் பணத்தைக் கொடுத்தேன். இலவசக் காட்சி என்பது கூட்டம் சேர்க்கும் மேளம். மேளக்காரருக்கு யார் கூலி கொடுக்கின்றார் என்று கூட்டத்தில் நிற்பவர் கேட்பதில்லை.

தூண்டிலும் மீனும்

வள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். சூதில் பெறும் வெற்றியைத் தூண்டில் முள்ளுக்கு அவர் ஒப்பிட்டதை நாம் பள்ளியிலேயே படித்தோம். அந்த உவமையின் முழுப் பொருள் இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்கு விளங்கிற்று. லாபத்தோடு எழுகின்ற அந்த 26 பேர் விடுதிக்காரரின் எதிரிகள் அல்லர், அவருடைய விளம்பரம். நூறு பேரும் தோற்றால் மறுநாள் ஒருவரும் வரமாட்டார். வெற்றியும் அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதியே.

இது கடல் கடந்த கதை மட்டும் அன்று. 2024இல் நம் மாணவர் விடுதியில் என் அடுத்த அறை நண்பர் ஒருவர் கைப்பேசியில் பணம் வைத்துச் சீட்டாடினார். முதல் வாரம் 600 ரூபாய் வென்றார். எங்களுக்கெல்லாம் தேநீர் வாங்கிக் கொடுத்தார். மூன்று மாதத்தில் உணவுக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் போயின. ஊரில் தந்தைக்கு என்ன எழுதுவது என்று இரவெல்லாம் விழித்திருந்தார். அந்தச் சீட்டாட்டத்தில் சக்கரம் இல்லை. ஆனால் ஆட்டத்துக்கு ஆட்டம் நடத்துபவர் எடுத்துக்கொள்ளும் பங்கு உண்டு. பச்சைப் பூச்சியத்தின் வேலையை அது செய்கின்றது. திறமை இருந்தும் பலர் தேய்ந்துபோவது அதனால்தான்.

2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. நல்லதே. ஆயினும் சட்டம் ஒரு கதவை மூடினால் ஆசை இன்னொரு கதவைத் தேடும். கணக்கை அறிந்தவனுக்கு மட்டுமே கதவு திறந்திருந்தாலும் கவலை இல்லை.

நண்பர்களே, அந்தச் சாலையில் நடக்கும் வாய்ப்பு உங்களில் யாருக்கேனும் கிடைத்தால் தவறாமல் நடந்து பாருங்கள். மனிதனின் கற்பனையும் பொறியியலும் வியக்கத்தக்கவை. நல்ல செருப்பும் தண்ணீரும் உடன் இருக்கட்டும். மேசையருகே கால் தயங்கினால் அந்த இரண்டு பச்சை அறைகளை மட்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.